கப்பலேறி வந்த கசப்பு

ஒரு பாட்டில் பீர். ஒரே ஒரு பாட்டில். விலை, ஐந்து லட்சத்து மூவாயிரத்து முந்நூறு டாலர். அன்றைய கணக்கில் சுமார் இரண்டு கோடி ரூபாய்!

'என்ன சார், காலையிலேயே ஏத்திக்கிட்டு எழுத உட்கார்ந்துட்டீங்களா?' என்று கேட்காதீர்கள். 2007-ம் ஆண்டு, ஈபே என்கிற இணைய ஏலக் கடையில் உலகமே வாயைப் பிளந்து பார்த்த ஏலம் அது. பாட்டிலின் பெயர் 'ஆல்ஸாப்ஸ் ஆர்க்டிக் ஏல்'. காய்ச்சப்பட்ட ஆண்டு 1852. மூடி திறக்கப்படாமல், உள்ளே பீர் அப்படியே இருந்தது.

இந்த பீருக்குப் பின்னால் ஒரு சோகக் கதை உண்டு. 1845-ல் ஜான் ஃப்ராங்க்ளின் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி, இரண்டு கப்பல்களில் ஆட்களோடு ஆர்க்டிக் பனிக்கடலுக்குள் போனார். அவரையும் சேர்த்து 129 பேர். ஒருவர்கூடத் திரும்பவில்லை. அவர்களைத் தேடிக்கொண்டு 1852-ல் எட்வர்ட் பெல்ச்சர் என்பவர் தலைமையில் ஒரு கப்பல் கூட்டம் கிளம்பியது. அந்த மாலுமிகளுக்காகவே இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்து ஆல்ஸாப் கம்பெனி விசேஷமாகக் காய்ச்சிக் கொடுத்த பீர் இது. கஞ்சி மாதிரி கெட்டி. லேசில் உறையாது. ஆல்கஹால் 10 முதல் 12 சதவீதம் இருந்திருக்கும் என்கிறார்கள். சாதாரண பீரைப்போல இரண்டு மடங்கு!

இதை முதலில் விற்க வந்தவர், விளம்பரத்தில் 'ஆல்ஸாப்' என்று டைப் அடிக்கும்போது ஓர் எழுத்தை விட்டுவிட்டார். அபூர்வ பீர்களைத் தேடி அலைகிற ஆட்கள் சரியான ஸ்பெல்லிங்கில் தேடினார்கள். இவருடைய பாட்டில் கண்ணிலேயே படவில்லை. பட்ட ஒருவர் 304 டாலருக்கு அமுக்கிவிட்டார். எழுத்தைத் திருத்தி அவரே மறுபடி ஏலத்துக்கு விட்டபோதுதான் அந்த இரண்டு கோடி!

ஆனால் க்ளைமாக்ஸைக் கேளுங்கள். கடைசி விலை கேட்ட ஆசாமி விளையாட்டுக்குக் கேட்டிருந்தார். பணம் கைமாறவே இல்லை. நிஜப் பணம் கைமாறியது 2015-ல். 1875-ம் ஆண்டு இன்னொரு துருவப் பயணத்துக்காகக் காய்ச்சப்பட்ட அதே ரக பாட்டில் ஒன்று, இங்கிலாந்தில் ஒரு வீட்டு கார் ஷெட்டில் கிடைத்தது. ஏலத்தில் 3,300 பவுண்டுக்குப் போனது. நம்ம பணத்தில் மூன்று லட்சத்துக்கும் மேல். வாங்கியவர் ஸ்காட்லாந்தில் பீர் ஆலை நடத்துபவர்.

சரி, துருவக் கதைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. இந்த ஆல்ஸாப் கம்பெனியைப் பெரிய ஆளாக்கியது துருவத்துப் பனி இல்லை. மெட்ராஸும் கல்கத்தாவும் காய்ந்துகொண்டிருந்த வெயில்!

*

பதினெட்டாம் நூற்றாண்டுக்குப் போவோம். லண்டனின் கிழக்கு ஓரத்தில் 'போ' என்று ஓர் இடம். (யாரையும் விரட்டவில்லை, ஊர் பேரே அதுதான்!) அங்கே 1752 வாக்கில் ஆரம்பிக்கப்பட்டது ஹாட்ஜ்சன் குடும்பத்தின் சின்ன பீர் ஆலை. லண்டனில் அதைவிடப் பெரிய ஆலைகள் நிறைய இருந்தன. ஹாட்ஜ்சனுக்கு வாய்த்த அதிர்ஷ்டம் ஒன்றுதான். கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் நின்ற பிளாக்வால் துறை, கூப்பிடு தூரத்தில் இருந்தது.

கம்பெனி கேப்டன்களுக்கு ஒரு சலுகை உண்டு. கப்பலில் கொஞ்சம் இடத்தில் சொந்தச் சரக்கு ஏற்றிக்கொண்டு போய் இந்தியாவில் விற்று லாபம் பார்க்கலாம். சீஸ், பன்றித் தொடை, தொப்பி, பீங்கான், ஒயின், பீர்... இங்கிருக்கும் வெள்ளைக்காரர்கள் எதற்கெல்லாம் ஏங்கிக் கிடந்தார்களோ அதெல்லாம். ஹாட்ஜ்சன் கேப்டன்களுக்குப் பன்னிரண்டு மாதம், பதினெட்டு மாதம் என்று கடன் கொடுத்தார். 'போய் வித்துட்டு வந்து காசு குடுங்க, போதும்!' யார்தான் வேண்டாம் என்பார்கள்?

அவர் கொடுத்த சரக்கில் 'அக்டோபர் பீர்' என்று ஒரு ரகம். அறுவடை முடிந்த கையோடு, புது பார்லியை முளைகட்டி, கருகாமல் வெளிறிய நிறத்தில் காயவைத்து, அக்டோபர் மாதத்தில் காய்ச்சுவார்கள். ஹாப்ஸ் என்ற கொடியின் பூவை அள்ளி அள்ளிப் போடுவார்கள். கசப்பு கொடுப்பதும் அதுதான், கெடாமல் காப்பதும் அதுதான். கிராமத்துப் பண்ணையார்கள் இதைப் பீப்பாயில் ஊற்றி, நிலவறையில் ஒரு வருஷம், இரண்டு வருஷம் ஊறவைத்துக் குடிப்பார்கள்.

கப்பல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி இந்தியா வந்து சேர நான்கு முதல் ஆறு மாதம். வழியில் பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்ட வேண்டும். பீப்பாய்கள் குலுங்கின. சூடேறின, ஆறின, மறுபடி சூடேறின. இந்தக் கரையில் திறந்து பார்த்தால்... அட, நிலவறையில் இரண்டு வருஷம் கிடந்த பீர் மாதிரி பக்குவமாகியிருந்தது! இதுதான் பின்னாளில் 'இந்தியா பேல் ஏல்' என்று பெயர் எடுத்தது. பீர் ரசிகர்கள் செல்லமாக ஐ.பி.ஏ. என்பார்கள்.

இங்கே ஒரு பொய்யை உடைத்துவிடலாம். 'நம்ம ஊர் சூட்டில் மற்ற பீர்கள் எல்லாம் கெட்டுப்போனதால், ஹாட்ஜ்சன் ராட்சச வீரியத்தில் ஒரு புது பீர் கண்டுபிடித்தார்' என்று பாட்டில் லேபிளில்கூட அச்சடித்து விற்கிறார்கள். நம்பாதீர்கள். போர்ட்டர் என்ற கறுப்பு பீரும் அதே கப்பல்களில் வந்து, நன்றாகவே இருந்து, விற்றது. இந்தியாவுக்கு வந்த பேல் ஏலின் ஆல்கஹால் சுமார் 6, 7 சதவீதம். அந்தக் கால இங்கிலாந்தில் அது ஒன்றும் ராட்சசம் இல்லை. ஹாட்ஜ்சன் கண்டுபிடித்தது பீரை இல்லை. கடன் கொடுத்து வாடிக்கை பிடிக்கும் வித்தையை!

*

அடுத்த வித்தை இன்னும் சுவாரஸ்யம். சந்தை கைக்குள் வந்ததும் அதை எப்படிக் காப்பாற்றுவது? போட்டிக்கு எவனாவது இந்தியாவுக்கு பீர் அனுப்புகிறான் என்று தெரிந்தால், ஹாட்ஜ்சன் கப்பல் கப்பலாகச் சரக்கை இறக்கி விலையைத் தரைமட்டமாக்குவார். வந்தவன் நஷ்டப்பட்டு ஓடிவிடுவான். அடுத்த வருஷம் சரக்கைச் சுருக்கி, விலையை உச்சிக்கு ஏற்றிவிடுவார். கையில் காசு வைத்துக்கொண்டு ஹாட்ஜ்சன் பீருக்காகக் காத்துக் கிடக்க வேண்டியதுதான். தட்டுப்பாடு தானாக வரவில்லை. போவில் உட்கார்ந்துகொண்டு உண்டாக்கினார்கள்!

1820-களின் தொடக்கத்தில் பேராசை முற்றியது. ஹாட்ஜ்சன் வாரிசுகள் கேப்டன்களுக்குக் கொடுத்துவந்த கடனை நிறுத்தி, விலையையும் ஏற்றினார்கள். போதாததற்கு, தாங்களே நேரடியாக இந்தியாவில் விற்க ஆரம்பித்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்குக் கோபம் வராதா?

இதே சமயம் பர்ட்டனில் சாமுவேல் ஆல்ஸாப் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய கெட்டியான, இனிப்பான பீருக்கு ரஷ்யாதான் பெரிய சந்தை. 1822-ல் ரஷ்யா இறக்குமதி வரியை ஏற்றி அதை மூடிவிட்டது. ஒரு விருந்தில் கம்பெனி டைரக்டர் கேம்பெல் மார்ஜோரிபேங்க்ஸ் அவரிடம், 'ரஷ்யா போனா என்ன, இந்தியா இருக்கே!' என்ற தொனியில் பேசி, ஹாட்ஜ்சன் பீரில் ஒரு பாட்டிலையும் காட்டியதாகச் சொல்வார்கள். ஆல்ஸாப் அதை ஊருக்கு எடுத்துப்போய், தன் ஆலை ஆள் ஜோப் குட்ஹெட்டிடம் கொடுத்தார். அவர் ஒரு வாய் குடித்தார், கசப்புத் தாங்காமல் முகம் சுளித்தார். ஆனாலும் 'செய்துடலாம்' என்றார். முதல் சாம்பிள் எதில் காய்ச்சப்பட்டது தெரியுமா? ஒரு டீ பாத்திரத்தில்!

டீ பாத்திரக் கதைக்கு ஆல்ஸாப் தரப்பினரே கொஞ்சம் மசாலா தடவியிருக்கலாம். அதற்குப் பிறகு நடந்தது நிஜம். பர்ட்டன் கிணற்றுத் தண்ணீரில் ஜிப்ஸம் அதிகம். அந்தத் தண்ணீரில் ஹாப்ஸின் கசப்பு சுத்தமாக, கூர்மையாக இறங்கும். லண்டன் தண்ணீருக்கு அந்த யோகம் இல்லை. ஆல்ஸாப் நுழைந்தார், பின்னாலேயே பாஸ் கம்பெனி நுழைந்தது. கொஞ்ச வருஷங்களில் ஹாட்ஜ்சனின் ராஜ்ஜியம் சரிந்தது.

*

இப்போது பீப்பாய்களோடு நாமும் மெட்ராஸில் இறங்குவோம்.

இறங்குவது என்றால் சும்மா இல்லை. அன்றைக்கு மெட்ராஸுக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலா படகுகளில் நம்ம ஊர்ப் படகோட்டிகள் அலைக்குள் புகுந்து போய் சரக்கையும் ஆளையும் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். படகு கவிழ்ந்தால் சரக்கும் போச்சு, சில சமயம் உயிரும் போச்சு. இத்தனை ஆபத்தும் தாண்டி வந்த பீர் யார் மேஜைக்குப் போனது? கம்பெனி அதிகாரிகள், வியாபாரிகள், ராணுவ ஆபீஸர்கள். பாட்டிலைக் குளிரவைக்க, தண்ணீரில் வெடியுப்பைக் கலந்து அதற்குள் வைத்துச் சுழற்றுவதற்கென்றே 'ஆப்தார்' என்று ஒரு வேலையாளைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள்.

அதே மசூலா படகில் இன்னொரு கூட்டமும் இறங்கியது. இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் வேலை கிடைக்காமல் பட்டாளத்தில் சேர்ந்த பதினெட்டு, இருபது வயசுப் பையன்கள். இவர்களில் ஏராளமானோரை எங்கே அனுப்பினார்கள்? நம்ம பூந்தமல்லிக்கு!

கோட்டையிலிருந்து பதின்மூன்று மைல் தள்ளியிருந்த பூந்தமல்லியில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கான ராணுவ முகாம் இருந்தது. புதிதாக வந்தவர்கள் அங்கே தங்கித் தங்கள் படைப்பிரிவுகளுக்குப் போனார்கள். நோயாளிகள் உடம்பு தேறுவதற்கும் இடம் அதுவே. இன்றும் பூந்தமல்லி ட்ரங்க் ரோட்டு முகவரிகளில் 'கன்டோன்மென்ட்' என்ற வார்த்தை ஒட்டிக்கொண்டிருப்பது அதனால்தான்.

இந்தப் பையன்கள் குடித்தது பேல் ஏல் இல்லை. அவர்கள் சம்பளத்துக்கு அது கட்டுப்படியாகாது. அவர்களுக்கு வாய்த்தது சாராயம். தென்னையிலோ பனையிலோ இறக்கிய கள்ளை, அல்லது அரிசியையும் வெல்லத்தையும் ஊறவைத்துக் காய்ச்சி வடித்தது. காசுக்கு எது சீக்கிரம் ஏறுமோ அது.

மெட்ராஸுக்கு இது பழைய வியாதி. 1678-ல் கவர்னராக வந்த ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் காலத்திலேயே ஒரு சட்டம் போட்டார்கள். ஒருவர் ஒரு வேளையில் அரை பைன்ட் சாராயம் அல்லது பிராந்தி, ஒரு குவார்ட் ஒயின், அதற்கு மேல் கூடாது. அதாவது சுமார் கால் லிட்டர் சாராயம், கூடவே சுமார் ஒரு லிட்டர் ஒயின். இது 'கட்டுப்பாடு' என்றால், கட்டுப்பாடு இல்லாத நாட்களை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்!

விளைவு? இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்தின் சுகாதாரத்தை ஆராய ஒரு ராயல் கமிஷன் போட்டார்கள். 1863-ல் அறிக்கை வந்தது. ஆயிரம் சிப்பாய்க்கு வருஷத்துக்கு 69 பேர் சாகிறார்கள்! போரில் செத்தவர்கள் இதில் சொற்பம். காய்ச்சல், சீதபேதி, காலரா, ஈரல் நோய். சாக்கடையும் கெட்ட தண்ணீரும் முதல் குற்றவாளிகள். கேன்டீனில் ஊற்றிக் கொடுத்த சாராயமும் குற்றவாளிக் கூண்டில் நின்றது. கமிஷனுக்காகத் தகவல்களை அலசிய ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், சிப்பாய்க்கு அரசாங்கமே சாராயம் விற்பதைக் கடுமையாகச் சாடினார். 'சாராயத்தை நிறுத்து, பீரைக் கொடு' என்பதே அன்றைய சீர்திருத்தக்காரர்களின் கோஷம். போர்ட்டர் பீரை ராணுவத்துக்காக மொத்தமாகக் கப்பலில் வரவழைத்ததும் இந்தக் கவலையால்தான்.

ஒரே படகுத்துறை, ஒரே வெயில், ஒரே கொடி. ஆபீஸர் மேஜையில் குளிர்ந்த பேல் ஏல். சிப்பாய் கையில் சாராயக் குவளை. நடுவில் நின்றது ருசி இல்லை... விலை!

*

அப்புறம் காலம் வேகமாக ஓடியது. 1833-ல் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலில் ஐஸ் கட்டிகள் கல்கத்தா வந்தன. 1842-ல் மெட்ராஸுக்கும் ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள். கடற்கரைச் சாலையில் நீங்கள் பார்க்கிற விவேகானந்தர் இல்லம்தான் அது. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. அம்பத்தூர், ஆவடி பக்கமெல்லாம் புகை கக்கிக்கொண்டு போன அந்த ரயில் வந்தபிறகு, மூட்டை முடிச்சுகளோடு பட்டாளமும் மாட்டுவண்டியை விட்டு இறங்க ஆரம்பித்தது.

பீரையும் இங்கேயே காய்ச்சினார்கள். குளிர்ச்சியான இடமாகப் பார்த்து இமயமலையில் கசௌலியிலும், நம்ம நீலகிரியிலும் ஆலைகள் முளைத்தன. நீலகிரியின் காஸில் புரூவரி 1857-ல் பிறந்தது. 1915-ல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அதையும் சேர்த்து ஐந்து தென்னிந்திய ஆலைகளை ஒன்றாக்கினார். அதுதான் யுனைடெட் புரூவரீஸ். பின்னாளில் விட்டல் மல்லையா கைக்கு வந்தது, 'கிங்ஃபிஷர்' பறந்தது... மிச்சக் கதைதான் உங்களுக்குத் தெரியுமே!

ஐஸும் குளிர்சாதன இயந்திரமும் வந்தபிறகு, ஜெர்மன் பாணியில் சில்லென்று குடிக்கிற லாகர் பீர் ஜெயித்தது. ஊறப்போட்ட கசப்பு பீரை இந்தியா மறந்தது. இங்கிலாந்திலும் வரியும் முதல் உலகப் போரும் சேர்ந்து அதன் வீரியத்தைக் குறைத்துவிட்டன. பெயர் மட்டும் மிஞ்சியது.

அந்தப் பெயரை 1970-களின் இறுதியிலும் 80-களிலும் தூசு தட்டி எடுத்தவர்கள் அமெரிக்கர்கள். பெரிய கம்பெனிகளின் சப்பென்ற பீர் பிடிக்காமல், சின்னச் சின்ன ஆலைகளில் 'கிராஃப்ட் பீர்' காய்ச்சக் கிளம்பிய அவர்களுக்கு ஐ.பி.ஏ. கொடியாகவே ஆனது. கூடவே ஒரு வேட்டையும் ஆரம்பித்தது. எது அபூர்வமோ, எது வீரியமோ, அதைத் தேடிப் பிடி!

பெல்ஜியத்தில் வெஸ்ட்வ்லெட்டரன் என்ற ஊரின் மடத்துத் துறவிகள் காய்ச்சும் 10.2 சதவீத பீருக்கு ரொம்ப காலம் லேபிளே கிடையாது. அப்போதெல்லாம் போனில் முன்பதிவு செய்து, மடத்து வாசலுக்கே போய்த்தான் வாங்க வேண்டியிருந்தது. துறவிகள் சொல்வது: மடத்தை நடத்தத் தேவையான அளவுக்கு மேல் காய்ச்ச மாட்டோம். அவர்கள் பேராசைப்படவில்லை. ஆனால், வாங்கியவர்கள் வெளியே பல மடங்கு விலைக்கு விற்றார்கள். அமெரிக்காவின் சாமுவேல் ஆடம்ஸ் 'யுட்டோப்பியாஸ்', 2023-ல் 28 சதவீதம். பல மாநிலங்களில் விற்கவே தடை. ஒரு பாட்டில் 200 டாலருக்கும் மேலே. 2010-ல் ஸ்காட்லாந்தின் புரூடாக் கம்பெனி 55 சதவீதத்தில் ஒன்று செய்து, செத்த அணில் போன்ற பிராணிகளின் பாடம் செய்த உடம்புக்குள் பாட்டிலைச் சொருகி விற்றது. நான் பொய் சொல்லவில்லை... அணிலேதான்! விலை 500 பவுண்டில் ஆரம்பம். மொத்தமே பன்னிரண்டு பாட்டில்.

பன்னிரண்டே பாட்டில் ஏன்? கவனித்தீர்களா... ஹாட்ஜ்சனின் வித்தை! அன்றைக்குக் கப்பல், இன்றைக்கு ஏலக் கடை. அவ்வளவுதான் வித்தியாசம்.

*

நம்ம கதை என்ன? இந்தியாவின் பெயரைத் தாங்கிய அந்த பீரைத் தேடி பூந்தமல்லி வாசி கிளம்பினால், பெங்களூருவுக்கோ புதுச்சேரிக்கோ பஸ் பிடிக்க வேண்டியிருக்கும். திரும்பும்போது பையில் பாட்டில் இருந்தால், சோதனைச் சாவடியில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பீர் ஆலைக்குப் பஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். பூந்தமல்லியைத் தாண்டி குத்தம்பாக்கத்திலும், திருவள்ளூர் போகிற வழியில் அரண்வாயலிலும் அதே யுனைடெட் புரூவரீஸின் ஆலைகள் அமைந்தன. பட்டாளம் சாராயம் குடித்த மண்ணில் பீர் ஆறாக ஓடியது. ஆனால் என்ன ரகம்? 'ஸ்ட்ராங்'! இந்தியாவில் விற்கும் பீரில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் ஸ்ட்ராங் ரகம்தான். சட்டப்படி 5 சதவீதத்துக்கு மேல், 8 வரை. ஹாட்ஜ்சனின் பீர் இதற்குள்ளேயே அடங்கிவிடும்!

'நம்ம ஆளுங்களுக்கு ருசி தெரியாது, போதைதான் முக்கியம்' என்று இதற்கு ஒரு நக்கல் பதில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. லைட்டுக்கும் ஸ்ட்ராங்குக்கும் விலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஒரு நாள் கூலியில் ஒரு பாட்டில் வாங்குகிற அம்பத்தூர் எஸ்டேட் தொழிலாளி, கொடுத்த காசுக்கு எதில் அதிகம் என்றுதான் பார்ப்பார். 1840-ல் பூந்தமல்லி முகாமில் அந்த ஐரிஷ் பையன் போட்டதும் இதே கணக்குதான். அவனும் ருசி கெட்டவன் இல்லை. அவன் பையில் இருந்த காசு அவ்வளவுதான்.

பீர் வரலாற்றுப் புத்தகங்களில் போ, பர்ட்டன், பாஸ்டன் எல்லாம் வரும். ஹாட்ஜ்சனும் ஆல்ஸாப்பும் டீ பாத்திரமும் வரும். பூந்தமல்லி வராது. அந்தப் புகழ்பெற்ற கசப்பை வாங்க வழியில்லாமல், மலிவானதைக் குடித்து, இருபத்திரண்டு வயசில் ஈரல் வீங்கி முகாம் ஆஸ்பத்திரியில் படுத்தவனுக்கு எந்த பாட்டிலிலும் லேபிள் கிடையாது. அடுத்த முறை பூந்தமல்லி ட்ரங்க் ரோட்டில் பஸ் டிராஃபிக்கில் மாட்டி நிற்கும்போது, கடைப் பலகையில் அந்த 'கன்டோன்மென்ட்' என்ற வார்த்தை கண்ணில் பட்டால், அவனை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.